அறியான் வினா: இனம், தலைமை, வரலாறு குறித்த குழந்தை வினாக்களும் அவற்றின் விடைகளும்

1. முன்னுரை

குழந்தைகள் எழுப்பும் வினாக்கள் எழுத்தில் இடம்பெறும்போது அவற்றைக் ‘களங்கமின்மை’, ‘வெள்ளையுள்ளம்’, ‘மழலை’ ஆகிய சொற்களால் பாராட்டிவிட்டு அப்பால் செல்வது நம் திறனாய்வில் நிலைபெற்றுவிட்ட வழக்கமாகும். ஐந்து வயதுக் குழந்தை இனத்தைப் பற்றியோ, நாட்டின் தலைவரைப் பற்றியோ, முன்னோர் செய்ததைப் பற்றியோ வினவினால் இப்பாராட்டு வியப்பாக மாறுகிறது. ‘இவ்வளவு சிறிய குழந்தைக்கு இவ்வினா எவ்வாறு தோன்றிற்று’ என்று பெரியோர் வியக்கின்றனர். அவ்வியப்பைப் பதிவு செய்யும் நூல்களும் அதே வியப்போடு படிக்கப்படுகின்றன.

இவ்வியப்பு ஒரு பிழையான கணிப்பிலிருந்து பிறக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். குழந்தை ஒன்றும் அறியாதது என்று கொள்பவருக்கே அதன் வினா வியப்பளிக்கும். குழந்தை முன்பே ஓரளவு அறிந்திருக்கிறது. அறிந்ததனால்தான் வினவுகிறது. ஆகவே ஆராயப்பட வேண்டுவது வினாவின் புதுமையைக் காட்டிலும், அதற்குப் பெரியோர் தரும் விடையின் தன்மையே ஆகும். நேரு, தஹார் பென் ஜெலூன், மார்ட்டின் லூதர் கிங், அம்பேத்கர் ஆகிய நால்வரின் எழுத்துகளும், 2009-ஆம் ஆண்டு வெள்ளை மாளிகையில் எடுக்கப்பட்ட ஒரு நிழற்படமும் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவை கால முறைப்படி அல்லாமல், விடையின் தன்மையை ஒட்டி வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

2. வினாவும் செப்பும்: இலக்கண அடிப்படை

வினாவையும் விடையையும் இணைத்து நோக்குவதற்கான கருவி தமிழ் இலக்கண மரபில் உள்ளது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் செப்பையும் வினாவையும் ஒருங்கே வைத்துப் பேசுகிறது. இரண்டும் வழுவாமல் காக்கப்பட வேண்டும் என்கிறது. விடை கூறும் இடத்தில் எதிர்வினா வருமாயின் அதுவும் செப்பாகவே கொள்ளப்படும் என்றும் கூறுகிறது. நன்னூல் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாகவும், விடையைச் சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என எட்டாகவும் வகுக்கிறது. எட்டனுள் முன்னைய மூன்றும் நேர்விடைகள். பின்னைய ஐந்தும் குறிப்பால் விடையாவன.

உரையாளர்கள் விடையைச் ‘செவ்வன் இறை’, ‘இறை பயப்பது’ எனப் பகுப்பர். வினாவியதற்கு நேராக நின்று கூறுவது செவ்வன் இறை. ‘உண்ணாயோ’ என்று வினவியவருக்கு ‘வயிறு குத்துகிறது’ என்பது இறை பயப்பது. உண்ணேன் என்ற கருத்து அதனுள் அடங்கியுள்ளது.

இக்கட்டுரைக்கு இன்றியமையாதது அறியான் வினாவுக்கு உரை மரபு தரும் விளக்கம். எவ்வகையாலும் அறியப்படாத பொருளை எவரும் வினவ இயலாது; பொதுவகையால் அறிந்து சிறப்புவகையால் அறியாதவரே வினவுவர் என்பது அவ்விளக்கம். அறியாமை வினா என்பது முழு அறியாமையின் வெளிப்பாடு அன்று. அறிவின் முதற்படியில் நின்று அடுத்த படியை வேண்டுவதே அது. ஆசிரியரிடம் பொருள் கேட்கும் மாணவனுக்கு நூலில் சொல் இருப்பது தெரியும். அதன் பொருளே தெரியாது. குழந்தையின் வினாவும் இத்தகையதே. தன் நிறம் வேறு என்பதையும், சில இடங்களுக்குத் தன்னை அழைத்துச் செல்வதில்லை என்பதையும், சிலர் ஆணையிடச் சிலர் அடங்குகின்றனர் என்பதையும் அது கண்டிருக்கிறது. ‘ஏன்’ என்பதே அதற்கு எஞ்சிய சிறப்புப் பொருள். களங்கமின்மை என்ற சொல் இம்முதற்படி அறிவை இல்லாததாக ஆக்கிவிடுகிறது; அதன் வழியே விடை கூறும் பொறுப்பிலிருந்து பெரியோரையும் விடுவித்துவிடுகிறது.

3. தந்தை ஏற்றுக்கொண்ட வினா: நேருவின் கடிதங்கள்

1928-ஆம் ஆண்டுக் கோடையில் முசௌரியில் இருந்த பத்து வயது மகள் இந்திராவுக்கு அலகாபாத்திலிருந்து ஜவகர்லால் நேரு எழுதிய கடிதங்கள் 1929-இல் நூலாயின. இவற்றை இந்தியில் பெயர்த்தவர் பிரேம்சந்த். உலகின் தோற்றம், உயிர்களின் தோற்றம், இனங்கள், மொழிகள், குலத்தலைவன், மன்னன், கோயில் எனத் தொடரும் இக்கடிதங்கள் இனம், தலைமை, வரலாறு ஆகிய மூன்றையும் ஒரு குழந்தைக்கென எடுத்துரைத்த இந்திய எழுத்துகளுள் முன்னோடியானவை.

இருவரும் உடனிருக்கும்போது மகள் பலவற்றைப் பற்றி வினவுவதையும், தாம் விடை கூற முயல்வதையும் நினைவுகூர்ந்தே முதற்கடிதத்தை நேரு தொடங்குகிறார். நூல் முழுவதும் அவ்வினாக்களுக்கு விடையாக அமைகிறது. ஆனால் அவ்வினாக்கள் எவை என்பது நூலில் இல்லை. பத்து வயதுச் சிறுமி எச்சொற்களால் எதைக் கேட்டாள் என்பதைப் படிப்பவர் அறிய இயலாது. இடையிடையே வரும் வினாக்கள் தந்தை எழுப்பித் தந்தையே விடுவிப்பவை. நன்னூலார் கூறும் அறிவினா, அதாவது ஆசிரியர் தாம் அறிந்ததை மாணவரிடம் வினவுவது, அறியா வினாவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கடித வடிவத்தின் இயல்பு இது என்று கூறலாம். எனினும் விளைவு விளைவே.

தலைமை பற்றிய கடிதங்கள் இந்நூலின் சிறப்பான பகுதி. குலத்தின் வேலைகளைப் பகிர்ந்தளித்து ஒழுங்குபடுத்தும் தேவையிலிருந்து தலைவன் தோன்றினான். குலத்திற்குப் பொதுவாக இருந்தவற்றை நாளடைவில் தன்னுடையவை எனக் கருதத் தொடங்கினான். மகனுக்கு அவ்வுரிமையைக் கைமாற்றினான். இவ்வாறு மன்னனானான் என்று நேரு படிப்படியாக விளக்குகிறார். தலைமை இயற்கையாலோ தெய்வத்தாலோ வந்ததன்று, வேலைப் பகிர்விலிருந்து வந்து வேலையை மறந்தது என்பதைக் குழந்தைக்கு விளங்கும் மொழியில் சொல்லிவிடுகிறார். இது செவ்வன் இறை. இக்கடிதங்களைப் பெற்ற சிறுமி 1966-இல் நாட்டின் தலைமை அமைச்சரானார். பின்வந்த அச்செய்தியைக் கொண்டு இவற்றைப் படிப்போர் பலர். அவ்வாறு படிப்பது 1928-ஆம் ஆண்டுச் சிறுமி கேட்டிராத வினாவை அவள்மேல் ஏற்றுவதாகும்.

நிறம் பற்றிய பகுதியில் விடையின் எல்லை தெரிகிறது. மக்களின் நிற வேறுபாடு தட்பவெப்பத்தால் விளைந்தது என்றும், அதற்கும் ஒருவரின் தகுதிக்கோ அழகுக்கோ தொடர்பில்லை என்றும் நேரு எழுதுகிறார். ‘மக்கள் பல நிறத்தினராக இருப்பது ஏன்’ என்ற வினாவுக்கு இது நேரான விடை. ஆங்கிலேயர் ஆட்சியில் வளர்ந்த குழந்தைக்கு ‘நிறத்தைக் கொண்டு மக்களை உயர்த்தவும் தாழ்த்தவும் செய்கிறார்களே, அது ஏன்’ என்ற வினாவும் இருந்திருக்கக்கூடும். தட்பவெப்பம் அதற்கு விடையாகாது. முன்னையது இயற்கை பற்றியது. பின்னையது வரலாறு பற்றியது. குலத்தலைவன் மன்னனானதை வரலாறாக விளக்கிய அதே எழுதுகோல், நிறம் உயர்வு தாழ்வானதை அவ்விடத்தில் அவ்வாறு விளக்கவில்லை.

4. வினாவிடை நூலாகும் உரையாடல்: தஹார் பென் ஜெலூன்

மொராக்கோவில் பிறந்து பிரெஞ்சு மொழியில் எழுதும் தஹார் பென் ஜெலூன், தம் மகளுக்கு இனவெறியை விளக்கும் சிறுநூலை 1998-இல் வெளியிட்டார். குடியேற்றம் தொடர்பான சட்ட வரைவை எதிர்த்து 1997 பிப்ரவரி 22 அன்று பாரிசு நகரில் நடந்த பேரணிக்குப் பத்து வயது மகளையும் அழைத்துச் சென்றபோது அவள் எழுப்பிய வினாக்களே இந்நூலுக்குத் தூண்டுகோல். பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பள்ளிகளிலும் பரவலாகப் பயிலப்பட்டது.

நேருவின் நூலில் இல்லாத குழந்தையின் குரல் இங்கு உண்டு. மகள் வினவுகிறாள், தந்தை விடை கூறுகிறார். இனவெறி, அயலார், வேறுபாடு, குடியேற்றம், அடிமைமுறை எனச் சொற்கள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டு விளக்கப்படுகின்றன. தெளிவும் ஒழுங்கும் இந்நூலின் வலிமை. ஆனால் அவ்வொழுங்கே ஐயத்தையும் எழுப்புகிறது. மகளின் வினாக்களுட் பல, தந்தையின் அடுத்த விளக்கத்திற்கு வழிவிடும் பொருட்டே எழுகின்றன. சமயப் பாடத்திற்கென எழுதப்பட்ட வினாவிடை நூல்களை அறிந்தவர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. அவற்றில் விடை முதலில் எழுதப்படும். வினா பின்னர் பொருத்தப்படும்.

இவ்வொழுங்கு குலையும் ஓர் இடம் நூலின் தொடக்கப் பகுதியிலேயே வருகிறது. இனவெறி எங்கும் உள்ளது, எவரிடமும் தோன்றக்கூடும் என்ற பொருளில் தந்தை கூறியதும், அவ்வாறாயின் தானும் இனவெறி கொண்டவளாகக் கூடுமா என்று மகள் கேட்கிறாள். தந்தை எதிர்பார்த்திராத திசை இது. இனவெறிக்கு ஆளாகும் குடும்பத்தின் குழந்தை, தன்னை அதன் இரையாக மட்டும் கருதாமல், அதைச் செய்பவளாகவும் எண்ணிப் பார்க்கிறாள். பொதுவகையால் அறிந்ததைத் தன்பால் பொருத்திச் சிறப்புவகையால் அறிய முற்படும் வினா இது.

குழந்தைகள் இயல்பில் இனவெறி கொண்டவர் அல்லர், பெற்றோரும் சூழலும் புகட்டுவதைப் பொறுத்தே பின்னர் அமைகின்றனர் என்பதாகத் தந்தையின் விடை செல்கிறது. கூற்று ஏற்கத்தக்கதே. ஆனால் ‘நான்’ என்று கேட்டவளுக்குக் ‘குழந்தைகள்’ என்று விடை வருகிறது. ஒருமையில் எழுந்த வினா பன்மையில் கரைந்துவிடுகிறது. களங்கமின்மை என்ற கருத்து இங்குத் தந்தைக்குக் கைகொடுக்கிறது. மகளின் அச்சத்தை அது ஆற்றுகிறது, அவள் தொட்ட உண்மையையும் மூடுகிறது. நூல் முழுவதிலும் கூரிய வினா இதுவே எனவும், அதற்கே தளர்ந்த விடை அமைந்தது எனவும் கூறத் தோன்றுகிறது.

5. விடை கூறப்படாத வினா: கிங்கின் சிறைக் கடிதம்

1963 ஏப்ரல் 12 அன்று அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் மார்ட்டின் லூதர் கிங் கைது செய்யப்பட்டார். வெள்ளையரான சமயத் தலைவர்கள் எண்மர் வெளியிட்ட அறிக்கைக்கு மறுமொழியாக, ஏப்ரல் 16 நாளிட்ட கடிதத்தைச் சிறையில் எழுதினார். கறுப்பின மக்களின் போராட்டம் காலமறியாதது, நீதிமன்றங்களின் வழியே நாட வேண்டும் என்பது எண்மரின் அறிவுரை. ‘பொறுத்திருங்கள்’ என்ற இச்சொல்லுக்கு விடையளிக்கும் இடத்தில்தான் கிங் குழந்தைகளின் வினாக்களைக் கொண்டுவருகிறார்.

அவ்விடம் ஒரே நெடுந்தொடராக அமைந்துள்ளது. கொலைகள், காவல்துறையின் கொடுமை, வறுமை எனக் ‘காணும்போது’, ‘நேரும்போது’ என்ற துணைத்தொடர்கள் அடுக்கப்பட்டு, பொறுத்திருப்பது ஏன் அரிதாகிறது என்பது அப்போது விளங்கும் என்று முடிகின்றன. பொறுத்திருங்கள் என்று சொன்னவர்களை முதன்மை வினைக்காகப் பொறுத்திருக்கச் செய்கிறது அத்தொடர். ஆங்கிலத்தில் இது வழக்கத்திற்கு மாறான நீட்சி. வினைமுற்று இறுதியில் வருவதே தமிழின் இயல்பாதலால், தமிழில் பெயர்க்குங்கால் இந்நீட்சி இயல்பானதாகத் தோன்றிவிடக்கூடும். அல்லது தெளிவுக்காகச் சிறு தொடர்களாக உடைக்கப்பட்டுவிடும். இரண்டிலும் மூலத்தின் வினைத்திறம் குறையும். எச்சங்களை முடிக்காமல் அடுக்கிச் செல்வதொன்றே பெயர்ப்பாளருக்கு உள்ள வழி.

இவ்வடுக்கில் இரு குழந்தைகள் வருகின்றனர். ஆறு வயது மகள் தொலைக்காட்சி விளம்பரத்தில் கண்ட பொழுதுபோக்குப் பூங்காவுக்குத் தான் ஏன் செல்ல முடியாது என்பதைத் தந்தை விளக்க முற்படுகிறார், நாக்குழறுகிறது. கறுப்பினக் குழந்தைகளுக்கு அங்கு இடமில்லை என்றறிந்து அவள் கண் கலங்குவதையும், தாழ்வு மனப்பான்மையின் மேகம் அவளுள் கவியத் தொடங்குவதையும், தன்னையறியாமலேயே வெள்ளையர்மீது கசப்புக் கொள்வதால் அவள் ஆளுமை திரிவதையும் எழுதுகிறார். அடுத்து, வெள்ளையர் கறுப்பின மக்களை இவ்வாறு இழிவாக நடத்துவது ஏன் என்று வினவும் ஐந்து வயது மகன். அவனுக்கு ஒரு விடையைப் புனைந்துரைக்க வேண்டியிருப்பதை மட்டும் குறிப்பிட்டுவிட்டுத் தொடர் மேலே செல்கிறது.

இரு செய்திகள் இங்கு நோக்கத்தக்கன. முதலாவது, புனைந்த விடை எது என்பது கடிதத்தில் இல்லை. நேருவின் நூலில் விடை உண்டு, வினா இல்லை. இங்கு வினா உண்டு, விடை இல்லை. அறமும் இறையியலும் கற்றவர், எண்மர்க்குப் பக்கம் பக்கமாக மறுமொழி எழுத வல்லவர், ஐந்து வயது மகனுக்குத் தந்த விடையை எழுதத்தக்கதாகக் கருதவில்லை. செவ்வன் இறை இல்லாத இடத்தில் முழுக் கடிதமே இறை பயப்பதாகிறது. மகனுக்குக் கூற முடியாததை அவ்வெண்மரிடம் கேட்கிறார் என்றும் இதனைக் கொள்ளலாம்.

இரண்டாவது, மகளைக் களங்கமற்றவளாக அவர் வரையவில்லை. கசப்பு அவளுள் புகுவதைத் தந்தையாகக் கண்டும் மறைக்காமல் எழுதுகிறார். படிப்பவரின் இரக்கத்தை ஈட்டுவதற்குத் துயருறும் தூய குழந்தையே ஏற்றது. அதை விடுத்து, துயரால் திரியத் தொடங்கும் குழந்தையை அவர் காட்டுகிறார். பென் ஜெலூனின் மகள் கேட்ட வினாவுக்குரிய விடை, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இவ்வரிகளில் உள்ளது.

கடிதம் எழுதப்பட்ட மூன்றாம் வாரத்திலேயே, மே 2 அன்று, அதே நகரில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியேறி ஊர்வலம் சென்றனர், நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். மறுநாள் ஊர்வலத்தார்மீது தீயணைப்புக் குழாய்களும் காவல் நாய்களும் ஏவப்பட்டன. குழந்தைகளைப் போராட்டத்தில் ஈடுபடுத்தலாமா என்ற விவாதம் அக்காலத்திலேயே எழுந்தது. அதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. இங்குச் சுட்ட வேண்டுவது, தலைவர்களிடம் வினவிய குழந்தைகள் என்ற நிலை அன்று மாறிற்று என்பதே. அவர்கள் பின்தொடரப்பட்டனர்.

6. குழந்தையை நோக்கிய வினா: அம்பேத்கர்

1930-களின் நடுப்பகுதியில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் அம்பேத்கரின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் தன்வரலாற்றுக் குறிப்புகள், அவர் மறைவுக்குப் பல்லாண்டுகள் கழித்து 1990-இல் சிறுநூலாக வெளிவந்தன. கிங்கின் கடிதத்தைப் போலவே இதன் மையமும் காத்திருத்தல்தான். அம்பேத்கர் பேசுவது சாதியைப் பற்றி. சாதியை இனமாகக் கொள்ளும் கொள்கையை 1936-இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ உரையில் அவரே மறுத்துள்ளார். ஆகவே இரண்டையும் ஒன்றெனக் கொள்வது இங்கு நோக்கமன்று. தாழ்த்தப்படும் குழந்தைக்கும் வினாவுக்கும் உள்ள தொடர்பே ஒப்பீட்டின் எல்லை.

1901-இல் சதாராவிலிருந்து, தந்தை பணிபுரிந்த கோரேகாவுக்குச் செல்லச் சிறுவர்கள் மசூர் நிலையத்தில் இறங்குகின்றனர். புத்தாடை அணிந்துள்ளனர். அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. நிலைய அதிகாரி அவர்கள் யார் என்று வினவுகிறார். ஒன்பது வயதுச் சிறுவன் சிறிதும் எண்ணாமல் தாங்கள் மகர்கள் என்று கூறிவிடுகிறான். அதிகாரியின் முகம் மாறுகிறது. வண்டிக்காரர்கள் மறுக்கின்றனர். இரட்டைக் கூலிக்கு ஒருவர் இசைகிறார். சிறுவர்களே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் உடன் நடந்து வருவார் என்பது உடன்பாடு. கையில் உணவிருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. சுங்கச் சாவடியில் தங்களை முசுலிம்கள் என்று கூறிக்கொள்ளுமாறு வண்டிக்காரர் அறிவுறுத்த, அவ்வாறே கூறியும் தண்ணீர் கிடைக்காமல் இரவைக் கழிக்கின்றனர்.

மற்ற நூல்களில் குழந்தை வினவப் பெரியவர் விடை கூறுகிறார். இங்கு இடம் மாறியுள்ளது. வினவுபவர் அதிகாரி, விடை கூறுபவன் குழந்தை. ‘நீ யார்’ என்ற வினாவுக்குக் குழந்தை கூறியது நேரான, உண்மையான செவ்வன் இறை. அந்நேர்மைக்காகவே அவன் தண்டிக்கப்படுகிறான். சுங்கச் சாவடிக்கு வரும்போது விடையை மாற்றக் கற்றுக்கொண்டுவிட்டான். ஒரு பகலுக்குள் நிகழும் இம்மாற்றத்தில் வழுவாத செப்பு என்பது எவருக்கு இயலும், எவருக்கு இயலாது என்பது புலனாகிறது. இலக்கண நூல்கள் வகுத்த வினாவிடை ஒழுங்கு, பேசுவோர் இருவரும் ஒருவரையொருவர் பேசத்தக்கவராக ஏற்றுக்கொண்ட நிலையை முன்கொண்டது. அந்நிலை இல்லாத இடத்தில் விடை இடராகிறது.

இந்நிகழ்ச்சிக்கு முன்னரே தாம் தீண்டப்படாதவர் என்பது தமக்குத் தெரியும் என்று அம்பேத்கர் தெளிவாக எழுதுகிறார். வகுப்பில் தனியே சாக்குத் துணியில் அமர வேண்டும். ஏவலர் குழாயைத் திறந்துவிட்டால்தான் நீர் அருந்த முடியும். ஊரில் முடிதிருத்துவோர் இருந்தும் தமக்கையே முடி வெட்டிவிட வேண்டும். இவையெல்லாம் அவர் அறிந்தவை. மசூர் நிகழ்ச்சி தந்தது அதிர்ச்சி. அதுவரை இயல்பெனக் கொண்டிருந்ததைப் பற்றி எண்ண வைத்தது. பொதுவகை அறிவு சிறப்புவகை வினாவாக மாறும் இடத்தை இவ்வளவு துல்லியமாகப் பதிவு செய்த எழுத்து அரிது. ‘ஏன்’ என்று சிறுவன் எவரையும் கேட்கவில்லை. கேட்பதற்கு எவரும் இல்லை. அவ்வினாவை எழுத்தில் எழுப்ப முப்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

7. தலைமையும் தொடுதலும்: 2009-ஆம் ஆண்டு நிழற்படம்

2009 மே மாதம், பணியிலிருந்து விலகும் வெள்ளை மாளிகை அலுவலர் ஒருவர், தம் மனைவியோடும் இரு மகன்களோடும் குடியரசுத் தலைவர் பராக் ஒபாமாவைச் சந்தித்தார். சிறுவர் இருவரும் ஆளுக்கொரு வினா வைத்திருந்தனர். 2012-இல் நியூயார்க் டைம்ஸ் இதழ் இச்சந்திப்பை விரிவாக வெளியிட்டது. மூத்தவன் போர்விமானத் திட்டம் ஒன்று கைவிடப்பட்டது ஏன் என்று கேட்டான். ஐந்து வயதான இளையவன், தன் தலைமுடி அவருடையதைப் போன்றதுதானா என்று அறிய விரும்பினான். மெல்லிய குரலில் கேட்டதால் மீண்டும் கேட்க வேண்டியதாயிற்று. தொட்டுப் பார்த்து அறிந்துகொள்ளுமாறு கூறித் தலைவர் குனிந்தார். சிறுவன் தயங்கித் தொட்டான். ஒன்றாகவே இருக்கிறது என்றான். பீட் சோசா எடுத்த அந்நிழற்படம், படங்கள் அடிக்கடி மாற்றப்படும் வெள்ளை மாளிகைச் சுவரில் பல ஆண்டுகள் நீடித்தது.

மூத்தவனின் வினா தலைமையின் செயலைப் பற்றியது. நாளிதழ் படிப்போர் எவரும் கேட்கக்கூடியது. இளையவனின் வினாவையே உலகம் வியந்தது. ஆனால் அதில் வியப்பதற்கு என்ன உள்ளது? அதுவரை அப்பதவியில் இருந்த எவருடைய முடியும் தன்னுடையதைப் போன்றதன்று என்பதை அவன் பொதுவகையால் அறிந்திருக்க வேண்டும். இவர் தன்னைப் போன்றவர் என்பதையும் கண்டிருக்கிறான். கண்ணால் கண்டது போதவில்லை. எஞ்சிய சிறப்பறிவைக் கையால் பெற விழைந்தான். இனம், தலைமை, வரலாறு மூன்றும் ‘என்னைப் போலவா’ என்ற ஒரே வினாவில் திரண்டுள்ளன.

அதற்குக் கிடைத்தது நன்னூலார் கூறும் ஏவல் விடையை ஒத்தது. ‘ஆம்’ என்று கூறியிருந்தால் அது நேர் விடை. பெரியவர் சொல்லச் சிறியவன் ஏற்பது. ‘தொட்டுப் பார்’ என்றதால் விடையைத் தேர்ந்து கூறும் உரிமை சிறுவனிடமே சென்றது. இறுதிக் கூற்றும் அவனுடையதே.

அம்பேத்கரின் குறிப்பையும் இப்படத்தையும் அருகருகே வைக்கும்போது முடி என்னும் எளிய பொருள் புதிய கனம் பெறுகிறது. சதாராவில் ஒரு சிறுவனின் தலைமுடியைத் தொட முடிதிருத்துவோர் மறுத்தனர். வாசிங்டனில் ஒரு சிறுவன் நாட்டுத் தலைவரின் தலைமுடியைத் தொடுமாறு அழைக்கப்பட்டான். எனினும் இப்படத்தை ஒரு நெடுங்கதையின் இனிய முடிவாகக் கொள்வது தவறாகும். கிங்கின் மகன் கேட்டது ‘ஏன் இழிவாக நடத்துகின்றனர்’ என்பது; இச்சிறுவன் கேட்டது ‘நீர் என்னைப் போன்றவரா’ என்பது. பின்னையதற்கு விடை கிடைத்ததால் முன்னையதற்கும் கிடைத்துவிட்டதாகாது. 2020 மே மாதம் மினியாபொலிசில் ஜார்ஜ் ஃபிளாய்டு காவலர் ஒருவரால் கொல்லப்பட்டபின் எழுந்த போராட்டங்கள், முன்னைய வினா அங்கு இன்னும் நிற்பதைக் காட்டின. தன்னைப் போன்ற தலைவர் ஒருவரைக் காண்பது குழந்தைக்குப் பெரும்பேறு. அது வரலாற்றுக்கு விடையாகிவிடாது.

8. நிறைவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன வருமாறு.

இனம், தலைமை, வரலாறு குறித்த குழந்தை வினா, உரை மரபு விளக்கும் அறியான் வினாவின் இலக்கணத்தில் பொருந்தி நிற்கிறது. பொதுவகை அறிவு அதற்கு அடிப்படை. அவ்வறிவைக் காணத் தவறுவதே பெரியோரின் வியப்புக்குக் காரணம்.

இவ்வினாக்களைக் கொண்ட எழுத்துகளை, குழந்தையின் இனிமையைக் கொண்டு மதிப்பிடுதல் போதாது. விடையின் நேர்மையைக் கொண்டு மதிப்பிடுதல் வேண்டும். தலைமையின் தோற்றத்தைப் பற்றி நேருவின் விடை நேர்மையானது. நிறத்தைப் பற்றியது முழுமையற்றது. பென் ஜெலூனின் நூல் பயன்மிக்கது. ஆயினும் தன் கூரிய வினாவைத் தாங்கும் வலிமை அதன் விடைக்கு இல்லை. விடை கூற இயலாமையை மறைக்காமல் எழுதிய கிங்கும், விடை கூறியதற்குத் தண்டனை பெற்றதை எழுதிய அம்பேத்கரும் இவற்றினும் மேலான தகுதியை அடைகின்றனர்.

நம் பிள்ளைத்தமிழ் மரபில் குழந்தை தலைவனாகவும் தெய்வமாகவும் போற்றப்படுகிறது. பாடுபவரின் குரலே அங்கு ஒலிக்கிறது, குழந்தை வினவுவதில்லை. அம்மரபில் தோய்ந்த நம் திறனாய்வு, வினவும் குழந்தையை எதிர்கொள்ளும்போதும் போற்றுதலையே கைக்கொள்வது இயல்புதான். ஆனால் வினாவுக்குப் போற்றுதல் செப்பாகாது. தொல்காப்பியர் காக்கச் சொன்ன வழு இதுவே என்று கொண்டு, தமிழில் குழந்தைகள் பேசும் எழுத்துகளையும், குறிப்பாகத் தலித் தன்வரலாறுகளின் இளமைப் பகுதிகளையும், இவ்வினா-செப்பு நோக்கில் மீண்டும் படித்தல் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.